வீடியோவில் இல்லாத கொக்கு

தாழைக்குளத்து ஏலாவுக்கு, அதாவது அந்த ஊர் வயல்வெளிக்கு, தண்ணீர் வர வேண்டுமென்றால் முத்துக்கனி ஒரு இரும்புச் சக்கரத்தை இருபத்திரண்டு சுற்று சுற்ற வேண்டும். அவ்வளவுதான். பெரிய கால்வாயிலிருந்து வயல்வெளிக்குத் தண்ணீர் பிரிகிற இடத்தில் ஷட்டர் இருக்கிறது. ஷட்டருக்கு மேலே சக்கரம். சக்கரத்துக்கு ஒரு பூட்டு. பூட்டின் சாவி முத்துக்கனியின் இடுப்பில். மடை திறப்பதும் அடைப்பதும்தான் அவருக்கு அரசாங்கம் கொடுத்த உத்தியோகம். லஸ்கர் என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன்புவரை வயல்காரர் யாராவது போய் "தண்ணி காணல்ல வே" என்று சொன்னால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சுற்றிவிட்டுப் போவார்.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைப் படித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். வயல்காரன் தண்ணீர் இல்லை என்கிறான், லஸ்கர் நம்புகிறான், தண்ணீர் போகிறது. ஆதாரம் எங்கே? ஆதாரம் இல்லாமல் விளைகிற நெல்லை நெல் என்று எப்படி ஒப்புக்கொள்வது? ஆகவே நாகர்கோவிலில் 'காட்சிவழிப் பாசனச் சான்று இயக்ககம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இனிமேல் தண்ணீர் கேட்பவர், தண்ணீர் இல்லை என்பதை வீடியோ எடுத்து ஆன்லைனில் ஏற்ற வேண்டும். இயக்ககம் பார்க்கும், ஒப்பிடும், சான்று கொடுக்கும். சான்று வந்த பிறகே முத்துக்கனி சக்கரத்தைத் தொடலாம். தொடாமல் இருக்கிறாரா என்று பார்க்க ஷட்டருக்கு எதிரே ஒரு கேமராவும் வைத்தார்கள். அந்தக் கேமரா பிடிக்கும் படம் இயக்ககத்துக் கம்ப்யூட்டரில் திறக்காது என்பது வேறு விஷயம்.

வள்ளிநாயகத்துக்கு அந்த ஏலாவின் கடைசியில் ஒரு கோட்டை விதைப்பாடு நிலம், ஏக்கர் கணக்கில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. கும்பப்பூ சாகுபடி, மாசியில் அறுப்பு. தை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. பயிர் பொதி கட்டி நின்றது. அதாவது கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் திரண்டு நிற்கிற பருவம். இந்த நேரத்தில் பதினைந்து நாளைக்குள் ஒரு தண்ணீர் காட்டிவிட்டால் களத்துக்கு நெல் வரும். காட்டாவிட்டால் கதிர் வெளியே வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. வயலில் வெடிப்பு விழ ஆரம்பித்திருந்தது. அவர் மனைவி பகவதி ஒரு வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டுவரை போனது.

வள்ளிநாயகம் முதலில் முத்துக்கனியிடம்தான் போனார்.

"ஒரு பத்து சுத்தாவது சுத்தும் வே."

"அண்ணாச்சி, போன வருசம் மேலத்தெரு ஆளுவளுக்காவ அஞ்சு சுத்து சுத்தினேன். எவனோ எழுதிப் போட்டுட்டான், ரெண்டு மாசம் சஸ்பெண்டுல கெடந்தேன். ஒங்க கால்ல வேணும்னா விழுதேன், சக்கரத்தத் தொடச் சொல்லாதீங்க. வீடியோவ எடுத்துப் போடுங்க, நான் சாவியக் கையில வச்சுட்டு நிக்கேன்."

வள்ளிநாயகம் வீடியோ எடுத்தார். விதி ஏழு என்ன சொல்கிறதென்றால், மனுதாரர் ஷட்டரிலிருந்து தம் வயல்வரை நடந்து, நடுவில் எங்கும் நிறுத்தாமல், தண்ணீர் இல்லை என்பதை ஒரே காட்சியாகப் பதிவுசெய்ய வேண்டும். தண்ணீர் இல்லாததைத் தவிர வேறெதுவும் அக்காட்சியில் முக்கியத்துவம் பெறலாகாது. அவர் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார். கடைமடை வயல் என்பதால் பதினொரு நிமிடம் ஆனது. மூச்சு வாங்குகிற சத்தமும் அதில் பதிவானது. கடைசியில் பகவதி களை பிடுங்கிக்கொண்டு நின்றவள், போனைப் பார்க்காமலே, "இன்னும் ஒரு பத்து நாளு தாக்குப் பிடிக்கும்" என்று சொன்னதும் பதிவானது.

ஜங்ஷனில் ஜினிஷா இ-சேவை மையம் வைத்திருந்தாள். கணவன் மஸ்கட்டில். அவள் இந்தப் பக்கத்து முப்பது ஊருக்கு ஆதார், பட்டா, பென்ஷன் எல்லாம் பார்த்துக்கொள்கிறவள். போனை வாங்கி வீடியோவை ஏற்றினாள். இயக்ககத்தின் தளம் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, 'ஒவ்வா வடிவம்' என்று சிவப்பில் எழுதிக் காட்டியது.

"அண்ணாச்சி, ஒங்க போனு எடுத்தது எம்பி ஃபோராக்கும். அவனுவளுக்கு ஏவிஐ வேணுமாம். அதும் எட்டு எம்பிக்குள்ள. இது ஒண்ணேகால் ஜிபி கெடக்கு."

"எனக்குப் புரியும்படியாச் சொல்லு மக்கா."

"சோறு அதே சோறுதான். பெரிய சருவத்துல இருக்கு. அவனுவ சின்னக் கிண்ணியில தாங்கோ பாப்பம்னு சொல்லுதானுவ."

"சருவத்துச் சோறு கிண்ணியில கொள்ளுமா?"

"கொள்ளாது. அமுக்கணும். அமுக்குகப்போ கொஞ்சம் சிந்தும்."

ஏன் ஏவிஐ என்று கேட்பவர்களுக்காக இயக்ககத்தின் தளத்தில் ஓர் ஒப்பீட்டு அட்டவணை இருந்தது. ஜினிஷா திறந்து காட்டினாள். இடப்பக்கம் எம்பி4, எம்ஓவி, எம்கேவி, ஏவிஐ என்று நாலு வடிவங்கள். மேலே தெளிவு, எடை, ஆயுள், ஒழுக்கம் என்று நாலு கட்டங்கள். முதல் மூன்று கட்டத்திலும் எல்லாம் ஏறக்குறைய சமம். ஒழுக்கம் என்ற கட்டத்தில் ஏவிஐக்கு மட்டும் டிக் போட்டிருந்தது. வள்ளிநாயகம் அதைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தவர், டிக் போட்டிருந்தால் மரியாதை கொடுக்கிற பழக்கம் உண்டு.

ஜினிஷா இலவசமாக மாற்றித் தருகிற ஒரு தளத்தைத் திறந்தாள். வீடியோ மேலே போக முக்கால் மணி நேரம். மாறுவதற்கு ஒன்றரை மணி நேரம். நடுவே, முழங்கால் வலி தைலமும் பங்களாதேஷ் மாப்பிள்ளைகளும் விளம்பரமாக வந்து போனார்கள். மாறி வந்த வீடியோவை இயக்ககத்தின் தளத்தில் ஏற்றினால், ஏற்றுக்கொண்டது. பச்சையில் ஒரு நம்பர் கொடுத்தது. வள்ளிநாயகம் அந்த நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீடியோ எடுத்த ஆறாம் நாள் நேரில் வரச் சொல்லி மெசேஜ் வந்தது.

இயக்ககம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் நடந்தது. சொந்தக் கட்டடம் வரும்வரை தற்காலிகம் என்று சொல்லி மூன்று வருஷம் ஆயிற்று. வாசலில் தெர்மோகோலில் 'நல்வரவு' அப்படியே இருந்தது. உள்ளே, மணமகள் வீட்டார் உட்காருகிற பக்கம் மாற்றப் பிரிவு. மணமகன் வீட்டார் பக்கம் ஒப்பீட்டுப் பிரிவு. இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, எல்லாம் கடிதம் மூலம்தான். மேடையில், மாப்பிள்ளை பெண் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலியில் ஒன்றில் இணை இயக்குநர் சுயம்புராஜ் உட்காருவார். இன்னொன்றில் கோப்புகள் உட்கார்ந்திருக்கும்.

ஒப்பீட்டுப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஜெபமணி, முன்பு தாம்பூலப் பை கொடுக்கிற மேசையில் இருந்தார். நல்ல மனுஷர். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். வள்ளிநாயகத்தை உட்காரச் சொல்லி, வீடியோவை ஓடவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினார். வயலுக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை, இங்கிலீஷில் ஒரு கம்பெனியின் பெயர் ஓடியது. இலவசமாக மாற்றித் தருகிறவன் சும்மா தருவானா, தன் பெயரைப் போட்டுத்தான் தருவான்.

"குறுக்க வாறது யாரு?"

"மாத்தித் தந்த கம்பெனிக்காரன் பேரு சார்."

"அவருக்கு ஒங்க ஏலாவுல நெலம் உண்டா?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு ஒங்க வயல்ல நிக்காரு?"

ஜெபமணி கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்: "பாருங்க, நாளைக்கு அவரு வந்து இது என் வயலுன்னா நாங்க என்ன செய்ய? ஒங்க நன்மைக்காவத்தான் சொல்லுதேன். ஒண்ணு, அவருகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா, அவர வயலவிட்டு எறக்கிட்டுக் கொண்டு வாங்க."

ஜினிஷா வேறு தளம் பார்த்து, பெயர் விழாமல் மாற்றிக் கொடுத்தாள். எட்டாம் நாள் அது ஏறியது. ஒன்பதாம் நாள் ஒப்பீட்டுக்கு வரச் சொன்னார்கள். அசல் வீடியோ உள்ள போனையும் கொண்டுவர வேண்டும்.

ஒப்பீடு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் வள்ளிநாயகம் பார்த்தார். பந்தி மேசையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் எம்பி4, மற்றதில் ஏவிஐ. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு குமாஸ்தா. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, கண்ணில் படுவதையெல்லாம் இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜெபமணி நடுவில் நின்று ரெஜிஸ்தரில் குறிப்பார்.

"ஷட்டர்."

"ஷட்டர்."

"தென்னை."

"தென்னை."

"வரப்பு, ஆள் இல்ல."

"வரப்பு, ஆள் இல்ல."

ஆறு நிமிடம் இப்படியே போனது. வள்ளிநாயகத்துக்குத் தூக்கம் வந்தது. பத்து நாளாக ராத்திரி அவருக்கு வராத தூக்கம் அது. ஆறு நிமிடம் நாற்பதாவது விநாடியில் எம்பி4 குமாஸ்தா, "கொக்கு" என்றார்.

ஏவிஐ குமாஸ்தா ஒன்றும் சொல்லவில்லை.

"கொக்கு" என்றார் முதலாமவர், கொஞ்சம் சத்தமாக.

"இங்க கொக்கு இல்ல. வெள்ளையா என்னமோ ஒண்ணு கலங்கிட்டுப் போச்சு."

ஜெபமணி இரண்டையும் நிறுத்தச் சொன்னார். மாற்றப் பிரிவுக்காரர்கள்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். கொக்கு பறந்த இடம் மூன்று முறை திரும்ப ஓடியது. ஒன்றில் கொக்கு சிறகை விரித்து வரப்பிலிருந்து எழுந்தது. மற்றதில் சுண்ணாம்பு அப்பியது போல ஒரு கறை தெரிந்து மறைந்தது.

"வள்ளிநாயகம், எனக்குக் கொக்கு மேல தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் கெடையாது" என்று ஜெபமணி ஆரம்பித்தார். "கொக்கு பறக்கட்டும், பறக்காம இருக்கட்டும். ஆனா ஒரு காட்சியில பறந்துட்டு இன்னொரு காட்சியில பறக்காம இருக்கப்படாது. முப்பத்தோரு வருச சர்வீஸ். எங்கிட்ட ஒப்பிட வந்த ரெண்டு ஒரேபோல இருக்குதுன்னா கையெழுத்துப் போடுவேன். நெசமா பொய்யான்னு நான் பாக்கது இல்ல. அது என் வேலையும் இல்ல. ரெண்டு பொய்யி ஒரேபோல இருந்தா எனக்கு சந்தோசம்தான். ஒரு நெசமும் ஒரு பொய்யும் வந்து நின்னா நான் என்ன செய்வேன், சொல்லுங்க."

"சார், கொக்கு வந்தா என்ன, போனா என்ன? தண்ணி இல்லங்கதுதானே விசயம்?"

"அத கமிட்டி பாத்துக்கிடும். நான் கொக்கோட நிக்கேன்."

கொக்கு விசாரணையில் நாலு நாள் போனது. கொக்கு மனுதாரருக்குச் சொந்தமானது அல்ல, மனுதாரரின் தூண்டுதலால் பறக்கவில்லை என்று ஒரு உறுதிமொழி கேட்டார்கள். கொடுத்தார். அந்தத் தேதியில் அந்த ஏலாவில் கொக்கு நடமாட்டம் உண்டு என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டுக் கொடுத்தார். அலுவலர் கடிதத்தில் 'கொக்குகள்' என்று பன்மையில் எழுதியிருந்ததால் அது செல்லவில்லை. பதின்மூன்றாம் நாள் ஜெபமணியே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்.

"ஏவிஐயத் திருப்பி எம்பி4 ஆக்குங்க. அத அசலுன்னு எங்கிட்டத் தாங்க. ரெண்டுலயும் கொக்கு இருக்காது. ஒரு வழியாத் தீந்துரும்."

"அப்போ இப்பம் போனுல இருக்கது?"

"அசலு ஒண்ணுதான் இருக்க முடியும். இதை அழிச்சிருங்க. எங்க முன்னால வச்சு."

இங்கே வள்ளிநாயகம் சண்டை போட்டிருக்க வேண்டும். போன வருஷத்து வள்ளிநாயகம் போட்டிருப்பார். பால் சொசைட்டியில் அளவு குறைந்ததற்காகத் தலைவரின் சட்டையைப் பிடித்தவர் அவர். ஆனால் இந்தப் பதின்மூன்று நாளில் அவருக்குள் என்னமோ மரத்துப்போயிருந்தது. காலையில் எழுந்து வயலுக்குப் போய் வெடிப்பைப் பார்ப்பதும், பஸ் ஏறி மண்டபத்துக்குப் போய்த் திரையைப் பார்ப்பதும் அவருக்கு ஒன்றுபோல ஆகிவிட்டன. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, எங்கே கடித்தாலும் வலி இல்லை. இதைப் பொறுமை என்று மண்டபத்தில் பாராட்டினார்கள்.

போன், 'அழிக்கவா?' என்று கேட்டது. அவர் கட்டைவிரலை வைத்தார். பதினொரு நிமிட நடை போனது, மூச்சு வாங்கிய சத்தம் போனது, பகவதி சொன்ன பத்து நாள் போனது. ரெஜிஸ்தரில் மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. ஏவிஐ எம்பி4 ஆனது. எம்பி4 ஆனதில் நாலு விநாடி குறைந்ததால் அதிலிருந்து மறுபடி ஒரு ஏவிஐ எடுத்தார்கள். அது ஒன்பது எம்பி வந்தது, அமுக்கி எட்டாக்கினார்கள். அமுக்கியதற்கு ஏற்ப அசலையும் அமுக்கினார்கள். ஜினிஷா ஒவ்வொரு முறையும் வீடியோவைத் திறந்து பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மூடினாள். ஏழாவது முறை அவளால் அடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நம்ம என்னத்த அனுப்புதோம்னு ஒங்களுக்குத் தெரியுதா? இதுல வயலும் இல்ல, வரப்பும் இல்ல. பாசி புடிச்ச மாதி இருக்கு."

"ஒரேபோல இருக்கா மக்கா?"

"ரெண்டும் ஒரேபோலத்தான் இருக்கு."

"அது போதும்."

பதினாறாம் நாள் கமிட்டி கூடியது. தண்ணீர் விடுவதற்கான சான்று வழங்கும் அதிகாரம் கமிட்டிக்குத்தான். மண்டபத்தின் விளக்குகளை அணைத்து, மேடைக்குப் பின்னால் உள்ள சுவரில் வீடியோவைப் போட்டார்கள். அதற்கு முன் இணை இயக்குநர் சுயம்புராஜ் மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசினார். கல்யாண மண்டபத்து மைக் அல்லவா, அவர் குரலே கொஞ்சம் மொய் எழுதுகிற அறிவிப்பு மாதிரி கேட்டது.

"இந்த இயக்ககம் தொடங்கி மூன்றாண்டு ஆகிறது. தொடங்கும்போது பலர் கேட்டார்கள், தண்ணீர் விடுவதற்கு இயக்ககம் எதற்கு என்று. நான் பெருமையோடு சொல்கிறேன், இந்த மூன்றாண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆதாரமில்லாமல் வெளியே போகவில்லை. ஆதாரத்தோடும் அதிகம் போகவில்லை. கால்வாயில் இன்று தண்ணீர் நிறைந்து கிடக்கிறது என்றால் யாரால்? மழையால் என்பார்கள். மழை எல்லா வருஷமும்தான் பெய்கிறது. முன்பெல்லாம் தண்ணீர் வயலுக்குப் போய் வீணாகிக்கொண்டிருந்தது. இன்று தங்கியிருக்கிறது. நாம் மாற்றிய வீடியோக்களை நீளத்தில் அடுக்கினால் இங்கிருந்து காசிவரை போகும். அடுத்த ஆண்டு திரும்பி வரும்."

கைதட்டினார்கள். வள்ளிநாயகமும் தட்டினார். விளக்கு அணைந்தது.

சுவரில் வயல் வந்தது. ஏழு முறை மாற்றி, அமுக்கி, திரும்ப மாற்றியதில் வெடிப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து மூடியிருந்தன. மண்ணின் சாம்பல் நிறமும் பயிரின் பச்சையும் கலந்து, வெயில் பட்ட இடமெல்லாம் பளபளவென்று, அகலமாக, மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

"தண்ணி தளும்பிட்டுல்லா கெடக்கு!" என்றார் சுயம்புராஜ். எழுதிவைத்த பேச்சு முடிந்துவிட்டதால் அவருக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"சார், அது வெடிப்பு" என்றார் வள்ளிநாயகம்.

"வெடிப்பா? எங்க? வந்து தொட்டுக் காட்டும்."

வள்ளிநாயகம் மேடை ஏறிச் சுவருக்கு அருகில் போனார். தம் வயல் எங்கே தொடங்குகிறது என்று தேடினார். அவர் வேட்டியிலும் முகத்திலும் அந்தப் பச்சை அசைந்தது. கையை வைத்த இடமெல்லாம் வழுவழுவென்று நிறைந்து கிடந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு நொடி அவருக்கே ஆசுவாசமாக இருந்தது. வயலில் தண்ணீர் நிற்கிறதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"காட்ட முடியல்ல, அப்படித்தானே?"

"சார், என் வயலு இப்படி இல்ல சார். நேரா வந்து பாருங்க. பயிரு போயிட்டிருக்கு."

"நீரு சொல்லுகது வாய்மொழி. இது காட்சி. ஒப்பீட்டுப் பிரிவு சான்று குடுத்த காட்சி." சுயம்புராஜ் உட்கார்ந்து யோசித்தார். அவரும் கெட்டவர் இல்லை. நியாயம் தவறக் கூடாது என்று நினைக்கிறவர். "செரி. ஒருத்தன் இவ்வளவு சொல்லுகான். தீர விசாரிக்காம தள்ளப்படாது. விதி பத்தொம்பதுல கள ஒப்பீடுன்னு ஒண்ணு உண்டு. வீடியோவக் கொண்டுபோயி வயலோட வச்சுப் பாத்திருவோம். ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு தெரிஞ்சிரும்."

வள்ளிநாயகத்துக்கு அன்றைக்குப் பஸ்ஸில் இடம் கிடைத்தது. நேரில் வருகிறார்கள். நேரில் வந்தால் கண் இருக்கிறவனுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து பகவதியிடம், "ஏட்டி, ஆபீசருமாரு வயலுக்கு வாறாவ" என்றார். பகவதி உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, "எப்பம்?" என்று கேட்டாள். அது அவருக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

இருபத்தொன்றாம் நாள் வந்தார்கள். ஜீப்பில் ஜெபமணியும் அந்த இரண்டு குமாஸ்தாக்களும் வந்தார்கள். ஷட்டர் பக்கத்தில் முத்துக்கனி, சான்று கையில் கிடைத்த உடனே சுற்ற வேண்டுமென்று, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டு நின்றார். கால்வாயில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஜெபமணி அதைப் பார்த்து, "நல்ல தண்ணி" என்றார்.

வயல் அதற்குள் முடிந்துபோயிருந்தது. கதிர் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றது. விளைந்த கதிர் என்றால் தலை குனியும். இது ஒன்றும் இல்லாத கதிர், வெள்ளை வெள்ளையாக, காற்றடித்தால் காகிதம் மாதிரி சரசரத்தது. பகவதி ஒரு கதிரை உருவிக் கையில் தேய்த்து, ஊதினாள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதை அவள் ஜெபமணிக்குக் காட்டினாள்.

ஜெபமணி பார்த்தார். அவர் முகம் வாடத்தான் செய்தது. அவர் அப்பாவும் ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்தவர். ஆனாலும் வேலை வேலைதானே. வரப்பில் நின்று டேப்லெட்டை உயர்த்தி, வீடியோவின் கடைசிக் காட்சியை நிறுத்தி, வயலுக்கு நேராகப் பிடித்தார். ஒரு குமாஸ்தா டேப்லெட்டைப் பார்த்து நின்றார், மற்றவர் வயலைப் பார்த்து நின்றார்.

"பச்சை."

"வெள்ளை."

"தண்ணி."

"கட்டாந்தரை."

"வெடிப்பு இல்ல."

"வெடிப்பு உண்டு. காலு போகும்."

ஜெபமணி டேப்லெட்டை இறக்கினார். அதன் மேலேயே தாளை வைத்து நிதானமாக எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். மனுதாரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.

"சான்றளிக்கப்பட்ட காட்சியுடன் மேற்படி வயல் ஒப்பிடப்பட்டது. காட்சி முறையாக உள்ளது. வயல் காட்சியுடன் எவ்வகையிலும் பொருந்தவில்லை. எனவே மேற்படி வயலின் உண்மைத்தன்மை ஐயத்துக்குரியது என்பதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. மனுதாரர் விரும்பினால் முப்பது நாட்களுக்குள், வயலைக் காட்சியில் உள்ளவாறு சரிசெய்து, மேல்முறையீடு செய்யலாம்."

"சார்" என்றாள் பகவதி.

"அக்கா, எனக்கு விளங்காம இல்ல" என்றார் ஜெபமணி தாழ்ந்த குரலில். "வீடியோ செரியா இருக்கு. வயலுதான் செரியில்ல. நான் எதுல கையெழுத்துப் போட? மேல்முறையீட்டுல இணை இயக்குநரு நல்லது செய்வாரு. அவருக்கு வெவசாயிகன்னா உயிரு."

வள்ளிநாயகம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஜீப் போனது. அழுகை வருமென்று பார்த்தார், வரவில்லை. கோபம் வருமென்று பார்த்தார், அதுவும் வரவில்லை. தம்முடைய ஒரு கோட்டை விதைப்பாடு, அப்பா காலத்திலிருந்து அவர் கால்பட்ட மண், உண்மையானது இல்லை என்று ஒருவன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள அவரால் முடிந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பகவதி வீட்டுக்குப் போய் இரண்டு அரிவாளோடு வந்தாள். நெல் இல்லாவிட்டாலும் தாள் இருக்கிறது. தொழுவத்தில் இரண்டு பசு நிற்கிறது. அவள் கிழக்கு மூலையிலிருந்து அறுக்கத் தொடங்கினாள். அவர் எதிர் மூலையில் குனிந்தார். கதிருக்குக் கனம் இல்லாததால் அறுப்பு லேசாக இருந்தது, கை தன்பாட்டுக்குப் போனது.

மத்தியானம் வரப்பில் முத்துக்கனி வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டு கையில் இருந்தது. அதை ஒருமுறை உதறினார். பிறகு கேட்டார்:

"அண்ணாச்சி, நான் தொறக்கப் போறேன். அந்தக் கேமராவ இந்தத் துண்டப் போட்டு மூடிட்டுத் தொறந்து விடுதேன். இருபத்திரண்டு சுத்தும் சுத்துதேன். சஸ்பெண்டு பண்ணட்டும், வேலையவிட்டே எடுக்கட்டும். எனக்குக் கெடந்து ஒறக்கம் வரல்ல அண்ணாச்சி. தொறக்கட்டா?"

வள்ளிநாயகம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அறுத்துப் போட்ட தாளைப் பார்த்தார்.

"வேண்டாம் வே" என்றார். "வைக்கோலாவது நனையாம இருக்கட்டும்."